பிள்ளையை முதல் தடவை மனநல அசெஸ்மென்ட்டுக்கு கூட்டிட்டு போறீங்களா, கிளம்பறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க

பதினோரு வயசு பையன் ஒருத்தன். ரூமுக்குள்ள வந்து உக்காந்தான், ஸ்கூல் பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிகிட்டான். பேர் கேட்டேன், பதில் இல்ல. படம் வரையலாமான்னு கேட்டேன், அதுக்கும் இல்ல. ஒரு பத்து நிமிஷம் சுவத்தையே சுத்தி சுத்தி பாத்துட்டு அவனே கேட்டான், "எழுத்து போர்டு எங்க?" கண் டெஸ்ட்டுன்னு சொல்லி கூட்டிட்டு வந்திருக்காங்க. நான் கண் டாக்டர் இல்ல, மனநல அசெஸ்மென்ட் பண்ற, அதாவது பிள்ளைங்க மனசுல என்ன கஷ்டம்னு பேசிப் பாத்து கண்டுபிடிக்கற ஆள்னு மெதுவா எடுத்து சொன்னதும் முகத்தை திருப்பிகிட்டவன்தான், அன்னைக்கு அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அவன் என்னை நம்பி வாய் திறக்க இன்னும் மூணு தடவை வர வேண்டியிருந்தது, அத்தனை வாரமும் ராத்திரி தூக்கம் வராம கஷ்டப்பட்டது அவன்தான்.

அந்த அம்மா அப்பா மேல எனக்கு கோவமே இல்ல. உண்மையைச் சொன்னா வர மாட்டான்னு பயந்துட்டாங்க, அவ்ளோதான். ஆனா இத்தனை வருஷமா சின்ன பிள்ளைங்களையும் டீனேஜ் பசங்களையும் முதல் அசெஸ்மென்ட்டுல பாத்ததுல எனக்கு நல்லா தெரிஞ்ச விஷயம் என்னன்னா, ரூமுக்குள்ள அன்னைக்கு என்ன நடக்கும்ங்கறதுல பாதி வீட்லயே முடிவாயிடுது. அதனாலதான் வீட்லேர்ந்து ஆரம்பிச்சு எழுதறேன். இதுல வர்ற பிள்ளைங்க யாருன்னு தெரியாத மாதிரி விவரத்தை மாத்தியிருக்கேன்.

முதல்ல, கூட்டிட்டு போகணுமா வேண்டாமாங்கற குழப்பம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 10 லேர்ந்து 19 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல ஏழுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநல பிரச்சனை இருக்கு, அதனால உங்க வீட்ல மட்டும் நடக்கற அதிசயம் இல்ல இது. நான் பாக்க சொல்றது மூணு விஷயம். முன்னாடி இருந்த பிள்ளைக்கும் இப்ப இருக்கற பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியுதா, அது ரெண்டு வாரத்துக்கு மேல போகுதா, தூக்கம் சாப்பாடு படிப்பு விளையாட்டு சிநேகிதம் இதுல ஏதாவது ஒண்ணு அடிவாங்குதா. ஆமான்னா போய் பாருங்க. இன்னொண்ணு, சின்ன வயசுல மனச்சோர்வுன்னா எப்பவும் அழுகையா சோகமாத்தான் வரும்னு இல்ல, எரிச்சலா, கோவமா, தொட்டதுக்கெல்லாம் சண்டையா வரும், இல்லன்னா தினமும் காலைல வயித்து வலியா வரும். "திமிரு ஏறிப்போச்சு"ன்னு வீட்ல சொன்ன எத்தனையோ பசங்க உள்ளுக்குள்ள உடைஞ்சு போய்தான் இருந்திருக்காங்க. வளந்தா சரியாயிடும்னு வருஷக்கணக்கா காத்திருக்காதீங்க, போய் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா அதுவும் நல்ல சேதிதானே.

சரி, பிள்ளைகிட்ட என்ன சொல்றது. உண்மையைச் சொல்லுங்க, ஆனா அவங்க வயசுக்கு தகுந்த அளவுல. அஞ்சாறு வயசுன்னா முந்தின நாள் சொன்னா போதும், ஒரு வாரம் முன்னாடியே சொன்னா அந்த வாரம் பூரா பயந்துகிட்டே இருக்கும். "நாளைக்கு ஒரு அக்காவை பாக்க போறோம், ஊசி கிடையாது, மருந்து குடுக்க மாட்டாங்க, விளையாடலாம் வரையலாம், உனக்கு ராத்திரி ஏன் பயமா இருக்குன்னு நமக்கு புரிஞ்சிக்க உதவி பண்ணுவாங்க" இந்த அளவு போதும். பத்து பன்னெண்டு வயசுக்கு மேலன்னா ரெண்டு மூணு நாள் முன்னாடியே உக்காந்து பேசுங்க. டீனேஜ் பிள்ளைன்னா நீங்களா அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு தகவல் சொல்லாதீங்க, கேளுங்க. "நீ கொஞ்ச நாளா சரியா தூங்கறதில்ல, எனக்கு கவலையா இருக்கு, எனக்கு எப்படி உதவறதுன்னு தெரியல, தெரிஞ்ச ஒருத்தரை போய் பாக்கலாமா, ஒரு தடவை வந்து பாரு, அவங்கள பிடிக்கலைன்னா வேற ஆளை தேடலாம்" இப்படி சொன்னா வேண்டாம்னு சொல்ற பிள்ளைங்க கூட பல பேர் யோசிக்கறாங்க. நீங்க இல்லாம தனியா பேச நேரம் குடுப்பாங்கன்னும் முன்னாடியே சொல்லிடுங்க, அதை கேட்டதும்தான் நிறைய பேர் வர சம்மதிக்கறாங்க.

சொல்லக்கூடாததும் இருக்கு. "உன் கோவத்தை சரி பண்ண போறோம்"னு சொன்னா நான்தான் கெட்டவன்னு பிள்ளை மனசுல எழுதிக்கும். "ஒழுங்கா இல்லன்னா அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிடுவேன்"னு மிரட்டிட்டு அப்புறம் நிஜமாவே கூட்டிட்டு வந்தா, நாங்க எவ்ளோ அன்பா பேசினாலும் அது தண்டனை குடுக்கற இடம்தான்.

அடுத்து ஒரு நோட்டு போடுங்க, ஒரு வாரம் பத்து நாள் எழுதினா போதும். அசெஸ்மென்ட்ல எங்களுக்கு இதைவிட பெரிய உதவி கிடையாது. "ரொம்ப அடம் பிடிக்கறான்", "எப்பவும் டென்ஷன்"னு எழுதினா அதை வச்சு எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எப்படி எழுதணும்னா இப்படி:

செவ்வாய் காலைல 7 மணி. யூனிஃபார்ம் போடும்போது அழ ஆரம்பிச்சான். வயிறு வலிக்குதுன்னான். 20 நிமிஷம். லீவ் போட சொன்னதும் நின்னுடுச்சு. ராத்திரி மறுபடியும் "நாளைக்கு ஸ்கூல் இருக்கா"ன்னு நாலு தடவை கேட்டான்.
ஞாயிறு. நாள் பூரா நல்லா இருந்தான். சாயங்காலம் 6 மணிக்கு மேல பேச்சு குறைஞ்சிடுச்சு.

இந்த ரெண்டு பத்தியைப் படிச்சா எனக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க. வலி நடிப்பு இல்ல, ஆனா அது வர்ற நேரம் ஸ்கூலோட சேந்து வருது. லீவ் குடுத்ததும் குறையுது, அதாவது லீவே அந்த பயத்தை மறுநாளைக்கு இன்னும் பெருசாக்கவும் செய்யுது. எங்க கேள்வி கேக்க ஆரம்பிக்கணும்னு எனக்கு தெரிஞ்சிடுச்சு. அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, பிள்ளை என்ன பண்ணுச்சு, அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க, எவ்ளோ நேரம், இந்த நாலும் இருந்தா போதும். நல்லா இருந்த நேரத்தையும் மறக்காம எழுதுங்க, எதை பண்ணும்போது முகம் மலருது, யார்கூட இருக்கும்போது சிரிப்பு வருதுங்கறது எங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா அதைப் பிடிச்சிகிட்டுதான் அப்புறம் மேல வரணும்.

கூட எடுத்துட்டு போக வேண்டியது: ஸ்கூல் ரிப்போர்ட் பழசும் புதுசும், டீச்சர் ஏதாவது எழுதி அனுப்பியிருந்தா அது, முன்னாடி பாத்த டாக்டர் ரிப்போர்ட், இப்ப சாப்பிடற மாத்திரை லிஸ்ட். பிறந்தப்ப ஏதாவது சிக்கல் இருந்ததா, எப்ப நடந்தான், எப்ப பேசினான், தலையில பெரிய அடி பட்டிருக்கா, வலிப்பு வந்திருக்கா இதெல்லாம் கேப்பாங்க, வீட்ல பெரியவங்ககிட்ட முன்னாடியே கேட்டு வச்சிக்குங்க. குடும்பத்துல யாருக்காவது மனநல பிரச்சனை, குடிப்பழக்கம், தற்கொலை இருந்திருந்தா அதையும் சொல்லணும், ஆனா பிள்ளை முன்னாடி சொல்ல வேண்டாம்னு நெனச்சா ஒரு தனி பேப்பர்ல எழுதி குடுத்துடுங்க. மறைக்க மட்டும் மறைக்காதீங்க.

உடம்பையும் பாத்துடணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. எட்டு வயசு பொண்ணு ஒருத்தி, "சொன்னா கேக்கறதே இல்ல, கவனமே இல்ல, ஏடிஎச்டியா இருக்குமோ"ன்னு கூட்டிட்டு வந்தாங்க, ஏடிஎச்டின்னா கவனம் நிக்காம, ரொம்ப துறுதுறுன்னு இருக்கற பிரச்சனை. பேசும்போது கவனிச்சேன், நான் பேசறப்பல்லாம் தலையை லேசா திருப்பி இடது காதை என் பக்கம் கொண்டுவரா, நான் திரும்பி அலமாரில எதையோ எடுத்துகிட்டே கேட்டா பதில் வரல. காது டாக்டர்கிட்ட அனுப்பினோம், செவிப்பறைக்கு பின்னாடி நீர் கோத்திருந்தது. சொன்னா கேக்கலைங்கறது அந்த குழந்தைக்கு அப்படியே உண்மை. காது, கண், ரத்தசோகை, தைராய்டு இதெல்லாம் பாத்துக்கறது நல்லது. குறட்டை விட்டு தூங்கற பிள்ளைக்கு தூக்கம் சரியா அமையாம பகல்ல எரிச்சலும் கவனக்குறைவும் வரலாம். நடுவுல சில வினாடி வெறிச்சு பாத்துட்டு அப்படியே நின்னுட்டு மறுபடி தொடர்ற பிள்ளைக்கு அது பகல்கனவு இல்லாம ஒரு வகை வலிப்பா கூட இருக்கலாம், முடிஞ்சா மொபைல்ல வீடியோ எடுத்து காட்டுங்க.

இனி ஃபார்ம். போனதும் சில கேள்வித்தாள் குடுப்பாங்க, சில இடத்துல முன்னாடியே அனுப்பிடுவாங்க. ரொம்ப பரவலா இருக்கறது எஸ்டிக்யூ, அதாவது பிள்ளையோட பலத்தையும் கஷ்டத்தையும் கேக்கற கேள்வித்தாள், 1997ல ராபர்ட் குட்மன்னு ஒரு மனநல மருத்துவர் வெளியிட்டது, 25 வாக்கியம் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் உண்மை இல்ல, ஓரளவு உண்மை, நிச்சயமா உண்மைன்னு மூணுல ஒண்ணை டிக் பண்ணணும். மனக்கஷ்டம், நடத்தை, துறுதுறுப்பும் கவனமும், சிநேகிதங்க, அடுத்தவங்களுக்கு உதவற குணம்னு அஞ்சு பக்கம் பாக்கும், கடைசியா சொன்னது பிள்ளையோட பலம், பிரச்சனை ஸ்கோர்ல அதை சேக்க மாட்டாங்க. பெத்தவங்களுக்கு ஒண்ணு, டீச்சருக்கு ஒண்ணு, 11 வயசுக்கு மேல பிள்ளையே நிரப்பறதுக்கு ஒண்ணு. பெரிய பசங்களுக்கு மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9, பதட்டத்துக்கு ஜிஏடி-7 குடுக்கலாம், ரெண்டுமே கடைசி ரெண்டு வாரத்தை பத்தி கேக்கறது. ஒண்ணரை ரெண்டு வயசு குழந்தைன்னா ஆட்டிசம் சந்தேகத்துக்கு எம்-சாட்னு 20 கேள்வி இருக்கு, 16 லேர்ந்து 30 மாச குழந்தைங்களுக்கானது.

நிரப்பும்போது அம்மாவும் அப்பாவும் பேசி வச்சிகிட்டு ஒரே பதிலா போடாதீங்க, தனித்தனியா போடுங்க. ரெண்டும் வேற வேறயா இருந்தா சண்டை வரும்னு பயப்படறாங்க, எங்களுக்கு அந்த வித்தியாசம்தான் வேணும். பிள்ளை நிரப்பும்போது தோள் மேல எட்டிப் பாக்காதீங்க, தயவுசெஞ்சு. டீச்சர் ஃபார்ம் ஏன் கேக்கறாங்கன்னா, உதாரணத்துக்கு ஏடிஎச்டின்னு சொல்லணும்னா அந்த அறிகுறி 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும், ரெண்டு இடத்துலயாவது தெரியணும், வீட்ல மட்டும் இருந்தா வேற காரணம் தேடணும். ஸ்கோர் அதிகமா வந்துட்டா உடனே நெட்ல தேடிப் பாத்துட்டு ராத்திரி பூரா அழாதீங்க. ஸ்கோர்ங்கறது காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர் மாதிரி, சூடு இருக்குன்னு சொல்லும், எதனாலன்னு சொல்லாது.

அன்னைக்கு ரூம்ல என்ன நடக்கும்னா, பொதுவா ஒரு மணி நேரம் ஒண்ணரை மணி நேரம் ஆகும், சில பேருக்கு ரெண்டு மூணு தடவை வர சொல்லுவாங்க. முதல்ல எல்லாரும் சேந்து, அப்புறம் நீங்க தனியா, பிள்ளை தனியா. பிள்ளை பசியோட, தூக்கக் கலக்கத்தோட இருக்கற நேரத்துல அப்பாயின்ட்மென்ட் வாங்காதீங்க. எல்லாரும் சேந்து இருக்கும்போது பிள்ளையோட குறையை லிஸ்ட் போட்டு படிக்காதீங்க, அதுக்குத்தான் உங்களுக்கு தனி நேரம் இருக்கு. பிள்ளைகிட்ட கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லிடாதீங்க, அது யோசிச்சிகிட்டிருக்கற அந்த அமைதி தாங்க முடியாமத்தான் இருக்கும், இருந்தாலும் விட்டுடுங்க.

பேசலைன்னா என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஒரு பொண்ணு, பதிமூணு வயசு, தலையே நிமிரல. நான் மேஜை மேல ஒரு பென்சிலை அவ பக்கம் உருட்டி விட்டேன், கொஞ்ச நேரம் கழிச்சு அவ திருப்பி உருட்டினா. இப்படியே நாலஞ்சு தடவை, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அப்புறம் ஒரு பேப்பர்ல ஒரு கோடு போட்டு ஒரு முனைல 0 இன்னொரு முனைல 10 எழுதி, ஸ்கூல்ல ஒவ்வொரு பீரியடும் எவ்ளோ கஷ்டம்னு குறிக்கறியான்னு கேட்டேன். கணக்கு 3, சயின்ஸ் 2, விளையாட்டு 5 எல்லாம் போட்டுட்டு, நான் கேக்காத ஒண்ணை அவளா எழுதினா, "சாப்பாட்டு நேரம்", 10ல புள்ளி வச்சு அது மேலயே அழுத்தி அழுத்தி பேப்பர் கிழியற அளவுக்கு வச்சா. பக்கத்துல உக்கார யாரும் இல்ல, பாத்ரூம்ல போய் நின்னுகிட்டிருக்கா ரெண்டு மாசமா. வீட்ல எல்லாரும் படிப்பு பயம்னு நெனச்சு டியூஷன் மாத்திகிட்டிருந்தாங்க. அதனால உங்க பிள்ளை முதல் நாள் பேசலைன்னா கோவிச்சிக்காதீங்க, எப்படி உக்காருது, உங்கள விட்டு பிரியறப்ப என்ன பண்ணுது, கண் பாக்குதா, பேச்சோட வேகம், முகத்துல தெரியற உணர்ச்சி, விளையாட்டுல திரும்ப திரும்ப வர்றது எது, இது எல்லாமே எங்களுக்கு சேதிதான்.

பெரிய பசங்ககிட்ட வீடு, படிப்பு, சாப்பாடு, பொழுதுபோக்கு, சிகரெட் மது போதை, காதல் உடல் சம்பந்தமான விஷயம், பாதுகாப்பு, தற்கொலை எண்ணம்னு சுலபமானதுலேர்ந்து கஷ்டமானதுக்கு படிப்படியா போவோம். என் பிள்ளைகிட்ட போய் இதெல்லாம் கேக்கறீங்களேன்னு சில அப்பாக்கள் வருத்தப்பட்டிருக்காங்க. எல்லார்கிட்டயும்தான் கேப்போம், சந்தேகப்பட்டு இல்ல. பிள்ளை தனியா சொல்றது பெரும்பாலும் எங்களோடயே இருக்கும். தன்னைத்தானே காயப்படுத்திக்கற ஆபத்து, அடுத்தவங்களுக்கு ஆபத்து, யாராவது அந்த பிள்ளையை கொடுமைப்படுத்தறாங்க இல்ல தவறா தொடறாங்க, இப்படி இருந்தா மட்டும் சொல்லித்தான் ஆகணும், அதையும் ஆரம்பத்துலயே பிள்ளைக்கு சொல்லிடணும். உங்கள அசெஸ் பண்றவங்க இதை விளக்கலைன்னா நீங்களே கேட்டு வாங்குங்க.

தற்கொலையை பத்தி கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோமோன்னு ஒரு பயம் எல்லா வீட்லயும் இருக்கு. அப்படி இல்ல, இதை ஆராய்ச்சி பண்ணி பாத்தாச்சு, நேரடியா கேக்கறதால எண்ணம் வராது, பல பேருக்கு மனசு லேசாகுது. "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா"ன்னு நேராவே கேக்கணும், சுத்தி வளைச்சு "தப்பா ஏதும் யோசிக்கலையே"ன்னு கேட்டா இல்லன்னுதான் பதில் வரும். வீட்ல நீங்களும் கேக்கலாம். பிள்ளை எப்படி செய்யறதுன்னு யோசிச்சு வச்சிருக்கு, ஏற்கனவே முயற்சி பண்ணியிருக்கு, வேற யாருக்கும் கேக்காத குரல் செத்துப் போன்னு கேக்குது, சாப்பாடு தண்ணி ரெண்டையும் விட்டுடுச்சு, இதுல எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க. அதுவரைக்கும் தனியா விடாதீங்க, வீட்ல இருக்கற மாத்திரை, பூச்சி மருந்து, கூரான பொருள் எல்லாத்தையும் பூட்டி வைங்க, இது சின்ன வேலை மாதிரி தெரியும், உயிரை காப்பாத்தற வேலை.

யாராவது தப்பா நடந்துகிட்டாங்கன்னு பிள்ளை சொல்லிடுச்சுன்னா குறுக்கு விசாரணை வேண்டாம். "சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" இது ரெண்டு மட்டும் சொல்லிட்டு, அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வச்சு அசெஸ் பண்றவங்ககிட்ட குடுங்க.

உங்ககிட்டயும் கஷ்டமான கேள்வி வரும். வீட்ல சண்டை உண்டா, கை ஓங்கறீங்களா, யாராவது குடிக்கறாங்களா, உங்க தூக்கம் எப்படி இருக்கு. இது உங்கள குத்தவாளி ஆக்கறதுக்கு இல்ல. ஏன் இந்த பிள்ளைக்கு, ஏன் இப்ப, எது இதை நீடிக்க விடுது, எது பிள்ளையை தாங்கிப் பிடிக்குதுன்னு கண்டுபிடிக்கணும்னா வீட்டையும் சேத்து பாத்தாதான் முடியும்.

முடியறப்ப நீங்க கேக்க வேண்டியது சிலது இருக்கு, எழுதிட்டு போங்க, அந்த நேரத்துல மறந்துடும். உங்களுக்கு என்ன தோணுது, வேற என்னவா இருக்கலாம், இன்னும் எதை பாக்கணும், ஸ்கூல்ல எவ்ளோ சொல்லணும், அடுத்த தடவை எப்ப, நடுவுல மோசமானா யாரை கூப்பிடணும். சில சமயம் இதுதான் பிரச்சனைன்னு எந்த பேரும் சொல்லாம ஒரு மாசம் கவனிச்சு பாக்கலாம்னு சொல்லுவாங்க, அது மழுப்பல் இல்ல, நிதானம். அதே சமயம் பிள்ளைகிட்ட பேசாமலே அஞ்சு நிமிஷத்துல ஒரு பேரை சொல்லி எழுதிக் குடுத்தா, எப்படி இந்த முடிவுக்கு வந்தீங்கன்னு மரியாதையா கேளுங்க, இன்னொருத்தர்கிட்ட காட்டறதும் உங்க உரிமைதான்.

இதை ஒரு டீனேஜ் பிள்ளை படிச்சிகிட்டிருந்தா உனக்கு ஒண்ணு சொல்றேன் பா. வாயால சொல்ல முடியலைன்னா மொபைல்ல டைப் பண்ணி எடுத்துட்டு போய் காட்டு, நாங்க படிச்சிக்கறோம். எல்லாத்தையும் முதல் நாளே சொல்லணும்னு இல்ல, "இதை பத்தி இப்ப பேச வேண்டாம்"னு சொல்றதுக்கும் உனக்கு இடம் இருக்கு.

வெளிய வந்ததும் வண்டில ஏறினதும் வர்ற முதல் கேள்வி எது தெரியுமா, "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" அதை மட்டும் கேக்காதீங்க. "வந்ததுக்கு தேங்க்ஸ் டா, பசிக்குதா?" போதும். வீட்டுக்கு வந்து பிள்ளை ரூமுக்குள்ள போய் படுத்துக்கலாம், அழலாம், எதுவும் நடக்காத மாதிரி விளையாடலாம், எது பண்ணாலும் விட்டுடுங்க. லைட் அணைச்ச அப்புறம் இருட்டுல, முகம் தெரியாத நேரத்துலதான் நிறைய பிள்ளைங்க ஒரு வரி சொல்லும். அப்ப எழுந்து லைட் போடாதீங்க, அறிவுரை ஆரம்பிக்காதீங்க, "ம்"னு கேட்டுகிட்டே பக்கத்துல படுத்திருங்க, காலைல அந்த நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க, அடுத்த தடவை போறப்ப எடுத்துட்டு போகணும்.